நீர்த்துப்போவது எது? - அய்ரோப்பிய ஒன்றிய விரிவாக்கமும் சுற்றுச்சூழல் சட்டமும்

1

‘நீர்த்துப்போய்விடும்’ - 2004க்கு முந்திய சில ஆண்டுகளில் மேற்கு அய்ரோப்பியச் சுற்றுச்சூழல் வட்டாரங்களில் புழங்கிய கவலையை இந்த ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். அந்த ஆண்டு மே 1ஆம் தேதி, 15 நாடுகளாக இருந்த அய்ரோப்பிய ஒன்றியம் 25 நாடுகளாயிற்று. போலந்து, செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ஸ்லோவேனியா, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, கூடவே மால்டா, சைப்ரஸ். பின்னால் 2007இல் ருமேனியாவும் பல்கேரியாவும் வந்தன. 2013இல் குரோஷியா. சுண்டக் காய்ச்சிய பாலில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுகிறார்களே, இனி இது பாலாக இருக்குமா என்பதுதான் கேள்வி. புகை கக்கும் ஆலைகள், அப்படியே ஆற்றில் கலக்கும் சாக்கடைகள், சட்டம் தெரியாத நிர்வாகம், எதைக் கொடுத்தாவது வளர்ச்சியை வாங்கிவிட வேண்டும் என்கிற பசி - இவற்றோடு வருகிறவர்கள் மேசையில் எண்ணிக்கையாக உட்கார்ந்துவிட்டால், முப்பது வருஷமாகக் கட்டிய பொதுச் சூழல் கொள்கை என்ன கதிக்கு ஆளாகும்?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உருவகம் என்பது சும்மா அலங்காரத்துக்கு வருவதில்லை. இந்த உருவகம் மூன்று முடிவுகளைப் போகிற போக்கில் நம் தலையில் கட்டிவிடுகிறது. ஒன்று, பால் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு, அது மேற்கினுடையது. மூன்று, வருகிறவன் கையில் இருப்பது வெறும் தண்ணீர். இந்த மூன்றையும் ஒத்துக்கொண்ட பிறகு மிச்சமிருப்பது ‘எவ்வளவு தண்ணீர்’ என்கிற கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கை அறிக்கை அறிக்கையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது நான் சொல்ல விரும்புவது இது: விரிவாக்கத்தால் சட்டப் பிரதி நீர்த்துப்போகவில்லை. அது ஏறக்குறைய ஓர் எழுத்துக் குறையாமல் கிழக்கே போய்ச் சேர்ந்தது. போய்ச் சேராதது அதை எழுதும் உரிமை. இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பின்னால் நடந்தவை, நல்லதும் கெட்டதும், கிளைத்தன. எழுதாத பிரதியை அரசுகள் பேரத்துக்கான சரக்காகப் பார்த்தன. அதே பிரதியைச் சாதாரண ஜனங்கள் தங்கள் அரசுகளுக்கு எதிராக வாசித்தார்கள். சட்டத்துக்கு உயிர் வந்தது இந்த இரண்டாவது வாசிப்பில்தான்.

2

முதலில் பாலைப் பார்ப்போம்.

1957ஆம் ஆண்டின் ரோம் ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல் கொள்கை என்று எதுவும் கிடையாது. 1972இல் பாரிஸ் உச்சி மாநாடு கூடிப் பேசிய பிறகு, 1973இல் முதல் செயல்திட்டம் வருகிறது. ஒப்பந்தத்திலேயே இதற்கென்று சட்ட அடிப்படை கிடைத்தது 1987இல், ஒற்றை அய்ரோப்பியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. இடைப்பட்ட காலத்தில் வந்த சூழல் விதிகளில் பல பொதுச் சந்தையின் தோளில் ஏறித்தான் வந்தன. ஒரு நாடு காரின் புகைக்கு ஓர் அளவு வைத்து, பக்கத்து நாடு வேறோர் அளவு வைத்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? காட்டின் மீதும் ஆற்றின் மீதும் வந்த பரிவைவிட, சரக்கு தடங்கலில்லாமல் எல்லை தாண்ட வேண்டும் என்கிற கவலை அன்று பெரிது. இதைச் சொல்வதால் அந்த விதிகளை இழிவுபடுத்துவதாக ஆகாது. அவற்றின் பிறப்புச் சான்றிதழைப் படித்துக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

அடுத்து, மேற்கு முழுக்க ஒரே கெட்டியாக இருந்ததா? 1973இல் உள்ளே வந்த பிரிட்டனுக்கு 1980களில் வழங்கிய பட்டப்பெயர் ‘அய்ரோப்பாவின் அழுக்கு மனிதன்’. அதன் மின்நிலையங்களின் கந்தகப் புகை ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக விழுந்துகொண்டிருந்தது. கிரேக்கம் 1981இல் சேர்ந்தது. ஒன்றியத்தின் நீதிமன்றம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஓர் உறுப்பு நாட்டுக்கு நாள்வாரியாக அபராதம் விதித்த வழக்கு சுற்றுச்சூழல் வழக்கு: கிரீட் தீவின் குருபிதோஸ் குப்பைமேடு. 2000 ஜூலையில் வந்த தீர்ப்பு, நாளொன்றுக்கு 20,000 யூரோ. கிழக்கிலிருந்து ஒருவர்கூட உள்ளே வந்திராத காலம் அது.

1995 விரிவாக்கம் இன்னும் சுவாரஸ்யமானது. அந்த ஆண்டு ஆஸ்திரியா, ஸ்வீடன், பின்லாந்து மூன்றும் சேர்ந்தன. பல விஷயங்களில் ஒன்றியத்தைவிட இவர்களின் விதிகள் கறாரானவை. எங்கே நம்முடைய தரம் இறங்கிவிடுமோ என்று பயந்தவர்கள் இந்த முறை உள்ளே வருகிறவர்கள். அவர்களுக்கு ஒன்றியம் என்ன செய்தது? உங்கள் கூடுதல் தரத்தை நான்கு ஆண்டுகள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் நாங்கள் எங்கள் விதிகளைத் திரும்பப் பார்க்கிறோம் என்றது. அதாவது, வருகிறவனைப் பார்த்து ஏற்கெனவே இருந்த பிரதியைத் திருத்திக்கொள்ளச் சம்மதித்தது. ‘ஒன்றியத்தின் சட்டம் திருத்த முடியாத வேதம்’ என்கிற பேச்சு 2004இல் வந்தபோது இந்த முன்மாதிரி ஒன்பதே வயதானது. திருத்தும் உரிமை பணக்காரர்களுக்கு மட்டும் உண்டு என்பதைத் தவிர இதற்கு வேறென்ன அர்த்தம்?

3

இனித் தண்ணீர்.

கிழக்கின் அழுக்கை மறைக்க வேண்டியதில்லை. அன்றைய கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து மூன்றும் சந்திக்கும் பிரதேசத்துக்குக் ‘கறுப்பு முக்கோணம்’ என்றே பெயர். நெய்வேலியில் நாம் அறிந்த அதே பழுப்பு நிலக்கரியை எரித்த மின்நிலையங்களின் கந்தகத்தால் யிசெரா மலைக் காடுகள் நின்றபடியே செத்தன. ‘உற்பத்தி’ என்கிற ஒற்றைக் கடவுளைக் கும்பிட்ட சோஷலிசத்தின் சாதனை இது. நம் தோழர்கள் இதைப் பேச இன்னமும் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

ஆனால் அதே கிழக்கில் இன்னொன்றும் நடந்தது. கட்சியைப் பற்றி வாய் திறக்க முடியாத இடத்தில் ஆற்றைப் பற்றிப் பேச முடிந்தது. 1984இல் ஹங்கேரியில் ‘டான்யூப் வட்டம்’ உருவாகி நாஜ்மரோஸ் அணைக்கு எதிராக நின்றது. 1989இல் அரசு அணை வேலையை நிறுத்தியது. 1987இல் எஸ்தோனியர்கள் மாஸ்கோவின் பாஸ்பரைட் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து எழுந்தார்கள். அவர்களுடைய சுதந்திரப் போராட்டத்தின் முதல் அத்தியாயமாக அது ஆயிற்று. அதே 1987இல் பல்கேரியாவின் ரூசே நகர மக்கள், முக்கியமாகத் தாய்மார்கள், ஆற்றுக்கு அக்கரையில் ருமேனியத் தொழிற்சாலை அனுப்பிய குளோரின் புகைக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். 1989 நவம்பர் 3 அன்று சோபியாவில் ‘எக்கோகிளாஸ்நோஸ்த்’ அமைப்பு ஊர்வலம் போனது. அடுத்த வாரம் ஷிவ்கோவ் பதவியில் இல்லை. அந்த ஊர்வலம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. முதலில் தெருவுக்கு வந்தவர்களில் அவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு தகவல். தகவல் பெறும் உரிமை, முடிவெடுப்பதில் பங்கேற்கும் உரிமை, நீதிமன்றப் படியேறும் உரிமை - இந்த மூன்றையும் சூழல் விஷயத்தில் குடிமக்களுக்குத் தரும் ஆர்ஹுஸ் உடன்படிக்கை 1998இல் கையெழுத்தானது. அய்.நா.வின் அய்ரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் வந்த உடன்படிக்கை இது. ருமேனியா 2000இலும், ஹங்கேரி 2001இலும், போலந்து 2002இலும் இதை ஏற்று உறுதிசெய்துவிட்டன. பசுமை அரசியலின் தாய்வீடு எனப்படும் ஜெர்மனி உறுதிசெய்தது 2007இல். கையெழுத்துப் போடுவது வேறு, நடத்திக் காட்டுவது வேறு என்பது உண்மைதான். என்றாலும் ‘தண்ணீர் மட்டுமே கொண்டுவருகிறார்கள்’ என்கிற கதையாடலில் இந்தத் தேதிகளுக்கு ஏன் இடமில்லாமல் போயிற்று என்று கேட்கலாமல்லவா?

4

இப்போது பிரதிக்கு வருவோம். ஒன்றியத்தின் மொத்தச் சட்டத் தொகுதியைப் பிரெஞ்சுச் சொல்லால் ‘அக்கி’ என்பார்கள். ‘அடைந்துவிட்டது’, ‘ஈட்டியது’ என்று பொருள். சுமார் 80,000 பக்கம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சேர விரும்புகிறவர் உறுப்பினர் கடமைகள் அத்தனையையும் ஏற்கத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும் என்று 1993இல் கோபன்ஹேகனில் முடிவு செய்தார்கள். பேச்சுவார்த்தைக்காக அந்தத் தொகுதியை 31 அத்தியாயங்களாகப் பிரித்தார்கள். சுற்றுச்சூழல் 22ஆம் அத்தியாயம்.

பேச்சுவார்த்தை என்கிற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திக் கவனியுங்கள். எதைப் பற்றிப் பேச்சு? சட்டத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி இல்லை. எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதைப் பற்றி மட்டும். நகரக் கழிவுநீர் விதியை முழுதாக நிறைவேற்றப் போலந்துக்கு 2015 வரை அவகாசம், ருமேனியாவுக்கு 2018 வரை. பெரிய அனல்மின் நிலையங்களுக்கும் இதுபோலத் தவணைகள். செலவு? மத்திய, கிழக்கு அய்ரோப்பிய வேட்பாளர்கள் பத்துப் பேருக்கும் சேர்த்து 80 முதல் 120 பில்லியன் யூரோ வரை ஆகும் என்று 1997க்கும் 2001க்கும் இடையில் ஆணையமே மதிப்பிட்டது. அதில் ஒரு பகுதியைத்தான் ஒன்றியம் கொடுத்தது. மிச்சம் அந்தந்த நாட்டு மக்களின் தண்ணீர்க் கட்டணத்திலும் மின்கட்டணத்திலும் வரியிலும் இறங்கியது.

இதனால் நன்மை இல்லையா என்றால், இருக்கிறது. சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. புகைபோக்கிகளில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. கறுப்பு முக்கோணத்தில் மரங்கள் திரும்ப முளைத்தன. அதே சமயம், 1990களின் புகைக் குறைவில் கணிசமான பங்கு சட்டத்தினுடையது அல்ல, ஆலைகள் மூடப்பட்டதால் வந்தது. வேலையிழந்த தொழிலாளியின் வீட்டு அடுப்பு அணைந்ததும் காற்று சுத்தமானதும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வெற்றிக் கணக்கில் எழுதுகிறார்கள்.

லித்துவேனியாவின் இக்னலினா அணுமின் நிலையம் இன்னோர் உதாரணம். செர்னோபில் வகை உலை. அதை மூடுவது சேர்க்கைக்கான நிபந்தனை. 2004 முடிவில் ஓர் உலை, 2009 டிசம்பர் 31இல் இன்னொன்று. அணு உலை மூடப்பட்டதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. பாதுகாப்பு வாதத்திலும் நியாயமுண்டு, கலைப்பதற்கு ஒன்றியம் பணமும் கொடுத்தது. ஆனால் அந்நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மூடிய பின் வெளியிலிருந்து மின்சாரம், ரஷ்யாவிலிருந்து எரிவாயு. இந்த மாற்றத்தை எப்படி, எந்த வேகத்தில், யார் தலையில் வைத்துச் செய்வது என்கிற விவாதம் அந்த ஊரில் நடந்து முடிவாகவில்லை. முடிவு வந்து சேர்ந்தது.

எழுதியவன் ஓரிடத்தில், நிறைவேற்றுகிறவன் வேறிடத்தில். இப்படிப் போய்ச் சேரும் சட்டத்தை வாங்கிக்கொண்ட அரசுகள் அதை எப்படி வைத்துக்கொள்ளும்? கடன் பத்திரத்தைப்போல. எங்கே தவணை தள்ளலாம், எங்கே வட்டி குறைக்கலாம் என்றுதான் கண் போகும். 2008 டிசம்பரில் காலநிலைத் தொகுப்பு முடிவானபோது, புதிய உறுப்பு நாடுகளின் மின்நிலையங்களுக்கு இலவச உமிழ்வு அனுமதிகள் என்கிற சலுகை பேசி வாங்கப்பட்டது. 2050க்கான பாதை வரைபடத்தைப் போலந்து 2011இலும் 2012இலும் தடுத்தது. 2019 ஜூனில் 2050க்குள் நிகர பூஜ்ஜியம் என்கிற இலக்கைப் போலந்து, செக், ஹங்கேரி, எஸ்தோனியா நான்கும் மறித்தன. டிசம்பரில் மற்றவர்கள் சம்மதித்தபோதும் போலந்து விலகி நின்றது. உறுப்பினராகும்வரை வாய் திறக்காதவர்கள், உறுப்பினரானதும் தங்களுக்குக் கிடைத்த முதல் ஆயுதத்தை எடுத்தார்கள். அது ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை. நிலக்கரி முதலாளிகளின் நலன் இதில் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. எழுதும் உரிமை மறுக்கப்பட்டவனிடம் மறுக்கும் உரிமை மட்டும் மிஞ்சும் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

5

‘அப்படியானால் நீர்த்துப்போகும் என்றவர்கள் சொன்னது சரிதானே?’ என்று நண்பர்கள் கேட்கலாம். சரியில்லை. ஏனென்றால் பாலைக் காவல் காத்தவர்களின் கையிலும் சொம்பு இருந்தது.

2013 ஜூனில் கார்களின் கரியமில வாயு வரம்பு முடிவாகவிருந்த நேரத்தில் அதைத் தள்ளிவைக்கச் செய்தது ஜெர்மனி. 2015 செப்டம்பரில் வெளிப்பட்ட ஃபோக்ஸ்வாகன் மோசடியில் உலகமெங்கும் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகள் சோதனைக்கூடத்தில் ஒரு புகையும் சாலையில் வேறு புகையும் விட்டன. ஜெர்மன் நகரங்கள் பழைய டீசல் வண்டிகளைத் தடுத்தபோது அவை மாயமாகிவிடவில்லை. கிழக்கே, போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் பழைய கார்களாக விற்பனைக்குப் போயின. சுத்தமான மையம், அழுக்கான விளிம்பு என்கிற எதிர்வு இப்படித்தான் உற்பத்தியாகிறது: மையம் தன் அழுக்கை விளிம்புக்கு அனுப்பிவிட்டு, பிறகு விளிம்பின் அழுக்கை அளந்து எழுதுகிறது. அளவுகோல் செய்யும் தொழிற்சாலையும் மையத்தில்தான்.

2024 ஜூன் 17 அன்று இயற்கை மீட்புச் சட்டம் அமைச்சர்கள் அவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்த்தவர்கள் ஆறு பேர்: போலந்து, ஹங்கேரி, இத்தாலி, நெதர்லாந்து, ஸ்வீடன், பின்லாந்து. இத்தாலியும் நெதர்லாந்தும் ஒன்றியத்தைத் தொடங்கியவர்கள். ஸ்வீடனும் பின்லாந்தும் 1995இல் தங்கள் தரம் இறங்கிவிடுமோ என்று பயந்தவர்கள். 2004க்குப் பின் வந்த 13 நாடுகளில் 11 ஆதரித்தன. ஆஸ்திரிய அமைச்சர் தன் அரசின் தலைவர் சொல்லையும் மீறி ஆதரவாகக் கை தூக்கியதால்தான் சட்டம் பிழைத்தது. இந்த வாக்குப் பட்டியலை வைத்துக்கொண்டு கிழக்கு - மேற்கு என்று எவராவது கோடு போட்டுக் காட்டட்டும்.

இன்னும் பாருங்கள். 2013க்குப் பிறகு புதிதாக எவரும் சேரவில்லை. விரிவாக்கமே இல்லாத இந்தக் காலத்தில், விவசாயிகள் போராட்டத்துக்குப் பின் 2024 பிப்ரவரியில் பூச்சிமருந்துக் குறைப்புச் சட்ட முன்வரைவு திரும்பப் பெறப்படுகிறது. 2025 பிப்ரவரியில் ‘எளிமைப்படுத்தல்’ என்கிற பெயரில் நிறுவனங்களின் சூழல் பொறுப்பு விதிகளை வெட்டிச் சுருக்கும் திட்டத்தை ஆணையமே கொண்டுவருகிறது. தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக் குழாயிலேயே வந்துகொண்டிருக்கிறது.

6

மறுபக்கத்தைப் பார்க்காமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் புலம்பலாகிவிடும். மேலிருந்து வந்த அந்நியப் பிரதியைக் கீழே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

போலந்தின் வடகிழக்கில் ரோஸ்புடா ஆற்றுச் சதுப்புநிலத்தின் ஊடாக நெடுஞ்சாலை போடத் தீர்மானித்தது அரசு. உள்ளூர்ச் சூழலியலாளர்கள் கையில் எடுத்தது ஒன்றியத்தின் 1979ஆம் ஆண்டுப் பறவைகள் விதியையும் 1992ஆம் ஆண்டு வாழிடங்கள் விதியையும். 2007இல் விவகாரம் ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. 2009இல் சாலையின் வழி மாற்றப்பட்டது. 2016இல் பியாவோவியேஜா என்கிற ஆதிக் காட்டில் மரம் வெட்டும் அளவை மூன்று மடங்காக்க அன்றைய அமைச்சர் ஒப்புதல் கொடுத்தார். வண்டு அரிக்கிறது, அதனால் வெட்டுகிறோம் என்றது அரசு. 2017இல் நீதிமன்றம் வெட்டை நிறுத்தச் சொன்னது. தொடர்ந்தால் நாளுக்குக் குறைந்தது 1,00,000 யூரோ என்றது. 2018 ஏப்ரலில் வெட்டியது சட்டவிரோதம் என்று தீர்ப்பானது. வார்சாவில் உட்கார்ந்திருந்தவர்கள் பிரஸ்ஸல்சுக்குக் காட்டுவதற்காக ஏற்றுக்கொண்ட வரிகளை, காட்டுக்குள் இயந்திரங்களின் குறுக்கே நின்றவர்கள் நிஜமாகவே நம்பினார்கள். நம்பினார்கள் என்பதைவிட, நம்பியதுபோல வாசித்தார்கள். ஆளுகிறவனின் பிரதியை அவனுக்கெதிராகவே வாசிப்பது ஒடுக்கப்பட்டவர்களின் பழைய தந்திரம்தானே.

துரூவ் சுரங்க வழக்கு இன்னும் சிக்கலானது. போலந்துப் பக்கம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்; எல்லைக்கு அப்பால் செக் கிராமங்களில் கிணறு வற்றுகிறது. 2021 பிப்ரவரியில் செக் அரசு போலந்தின்மீது வழக்குப் போட்டது. 2004இல் கைகோத்து உள்ளே வந்த இருவர், அந்த நாளில் தங்களுக்குக் கையளிக்கப்பட்ட அதே சட்டத்தைக் காட்டி மோதிக்கொண்டார்கள். மே மாதம் தோண்டுவதை நிறுத்தச் சொன்னது நீதிமன்றம். போலந்து நிறுத்தவில்லை. செப்டம்பரில் நாளுக்கு 5,00,000 யூரோ அபராதம். 2022 பிப்ரவரியில் 45 மில்லியன் யூரோ ஈடாகப் பெற்றுச் செக் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. இரண்டு அரசுகளும் கைகுலுக்கிக்கொண்டன. சுரங்கம் ஓடியது. கிணற்றுக்காரர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் அந்த மேசையில் இல்லை. சட்டம் அரசுகளின் கையில் மட்டும் இருந்தால் அது ஒரு விலைப்பட்டியலாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தின் பிழைப்பே சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் நம்பித்தான். அவர்களுக்கு என்ன மாற்று என்கிற கேள்விக்குப் பதில் சொல்லாத சூழல் சட்டம், தொழிலாளியைச் சுரங்க முதலாளியின் பக்கம் தள்ளிவிடும் சட்டம். நம் சூழல் இயக்கத்தவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

7

அடுத்த விரிவாக்கத்தின் வாசலில் நிற்கிறவர்கள் உக்ரைன், மால்டோவா, மேற்கு பால்கன் நாடுகள். ‘நீர்த்துப்போகும்’ என்கிற பாட்டு மறுபடி கேட்கிறது. போஸ்னியாவின் குருஷ்சிட்சா கிராமத்துப் பெண்கள் தங்கள் ஆற்றில் நீர்மின் திட்டம் வராமல் இருக்க 2017இலிருந்து 500 நாட்களுக்கு மேல் பாலத்தின்மேல் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பாலில் கலக்கும் தண்ணீரா?

செர்பியாவின் யாதார் பள்ளத்தாக்கில் கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. அங்கே லித்தியம் இருக்கிறது. ரியோ டின்டோ நிறுவனத்துக்கு எதிராக மக்கள் சாலைகளை மறித்ததால் 2022 ஜனவரியில் அரசு அனுமதியை ரத்து செய்தது. 2024 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்றது. சில நாட்களுக்குள், ஜெர்மன் அரசுத் தலைவர் உடனிருக்க, கனிமங்களுக்கான ஒப்பந்தக் குறிப்பில் ஒன்றியமும் செர்பியாவும் பெல்கிரேடில் கையெழுத்திட்டன. 2025 ஜூனில் ஒன்றியம் தன் ‘மூலோபாயத் திட்டங்கள்’ பட்டியலில் யாதாரையும் சேர்த்தது. அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனமே வேலையை நிறுத்திவைத்தது வேறு விஷயம். மேற்கின் மின்கார்களுக்கு லித்தியம் தேவை. சேர்க்கைப் பேச்சில் செர்பியாவுக்குச் சுற்றுச்சூழல் அத்தியாயத்தைப் பாடம் நடத்துகிறவர்களும், பள்ளத்தாக்கைத் தோண்டக் கேட்பவர்களும் ஒரே ஆட்கள். ஆற்றைக் காப்பாற்ற நிற்கும் விவசாயிக்கு எந்த அத்தியாயத்தில் இடம்?

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி 2026 ஜனவரி முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்திய இரும்பும் அலுமினியமும் அதற்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். உறுப்பினராகவே முடியாதவர்களையும் தொடும் அளவுக்கு அந்தப் பிரதி நீண்டுவிட்டது. காலநிலையைக் காக்க வேண்டாம் என்று நம் ஆலை அதிபர்களோடு சேர்ந்து கூப்பாடு போடுவதும் தவறு, வந்த சட்டத்தை வாழ்த்தி வரவேற்பதும் தவறு.

ஒன்றியம் எத்தனை நாடுகளாக விரிகிறது என்பது எண்ணிக்கை. சட்டத்தை எழுதும் மேசை விரிகிறதா, நாற்காலி யாருக்கு, செலவு யாருக்கு, வழக்குப் போடும் உரிமை கிராமத்துக்கு உண்டா அல்லது அரசுக்கு மட்டுமா என்பவை அரசியல். ரோஸ்புடாவில் சாலை வளைந்ததும், துரூவில் கிணறு பேரமாகிப்போனதும் ஒரே சட்டத்தின் கீழ்தான். முன்னதில் மக்கள் கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பின்னதில் அரசுகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டன.